மீன்குஞ்சு விடுவதற்கு முன் ஏரியைக் கணக்கெடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்நாட்டு நீர்நிலைகளில் வேகமாக வளரும் வெளிநாட்டு மீன்களை விட்டு உற்பத்தியைப் பெருக்கலாம் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை குஞ்சு விடுவது, எத்தனை மாதத்தில் பிடிப்பது என்றெல்லாம் விவரமாக இருந்தது. அந்தத் தண்ணீரில் ஏற்கெனவே என்னென்ன மீன்கள் வாழ்கின்றன என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதுதான் என்னை எழுத வைத்தது.

ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950களில் நைல் பெர்ச் என்ற வேட்டை மீனை விட்டார்கள். 200 கிலோ வரை வளரக்கூடியது. நோக்கம் நல்லதுதான், மீன்பிடிப்பு பெருக வேண்டும். பல ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. 1980களில் திடீரென்று பெருகி, அந்த ஏரியைத் தவிர வேறெங்கும் இல்லாத சின்னச் சின்ன சிக்லிட் மீன்களை வாரித் தின்றது. சுமார் 200 இனங்கள் அழிந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். கரையிலிருந்து வந்து சேர்ந்த கழிவும் அந்த அழிவில் பங்கு வகித்தது. பிடித்த சின்ன மீனைக் கெடாமல் வைக்க வெயிலில் உலர்த்தினால் போதும். கொழுப்பு மிகுந்த பெர்ச்சுக்குப் புகை போட வேண்டும், அதற்கு விறகு வேண்டும். கரையோர மரங்களும் போயின. ஏற்றுமதியில் பணம் வந்தது உண்மை, அதை மறைக்கவில்லை. ஆனால் 'விட்டுப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை' என்பவர்கள் அந்த இருபது, முப்பது வருட இடைவெளியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கொசுவை ஒழிக்க உலகெங்கும் விடப்பட்ட கம்பூசியா என்ற சிறுமீனும் இப்படித்தான். கொசுப்புழுவோடு நிற்காமல் மற்ற மீன்களின் முட்டை, குஞ்சு, தவளையின் தலைப்பிரட்டை எல்லாவற்றையும் தின்கிறது. அதே வேலையைச் செய்யும் உள்ளூர்ச் சிறுமீன்கள் பல இடங்களில் ஏற்கெனவே இருந்தன; அவற்றைத் தேடிப் பார்த்தவர்கள் குறைவு.

வெளியிலிருந்து வந்த மீன் எல்லாமே கேடு என்று நான் வாதாடவில்லை. இலங்கையில் மனிதர் வெட்டிய குளங்களில் 1950களில் விடப்பட்ட ஜிலேபி மீன் இன்றும் பலருக்குப் பிழைப்பு தருகிறது. தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பதால் அது எளிதில் பெருகிவிடும். அதே குணம்தான் வேறு நீர்நிலைகளில் உள்ளூர் மீன்களுக்கு எமனாகிறது. இடத்துக்கு இடம் பலன் மாறும் என்றால், முதலில் இடத்தைத்தானே பார்க்க வேண்டும்?

அப்புறம், கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பவர்கள். தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்ததைக் கொல்ல மனம் வராமல் ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். இரக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் டேங்க் கிளீனர் என்று விற்கப்படும் தென் அமெரிக்க மீன், தண்ணீர் கெட்டாலும் மேலே வந்து காற்றைச் சுவாசித்துப் பிழைத்துக்கொள்ளும். கரையைக் குடைந்து முட்டையிடும். அதன் முள் துடுப்பு வலையைக் கிழிக்கும். தயவுசெய்து வேறு யாராவது வளர்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

விட்டதைத் திரும்ப எடுக்க வழி இருந்தால் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். சிறு குளமென்றால் வற்றவைத்துப் பிடிக்கலாம். மீனைக் கொல்லும் ரோட்டினோன் போன்ற நச்சு மருந்தைக் கலந்தால் நாம் காப்பாற்ற நினைக்கும் மீனும் சேர்ந்தே செத்து மிதக்கும். ஓடுகிற ஆற்றிலும் பெரிய ஏரியிலும் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. தனிக்குளத்தில்தான் வளர்க்கிறோம் என்பதும் வெள்ளம் வரும்வரைதான்.

ஆகவே மீன்குஞ்சு விடும் எந்தத் திட்டமும் அந்த நீர்நிலையின் மீன் கணக்கெடுப்பில் தொடங்க வேண்டும், அந்தக் கணக்கு மக்கள் பார்வைக்கு வர வேண்டும். அந்த மண்ணின் மீன் இனங்களையே குஞ்சு பொரிக்க வைத்து விட முடியுமா என்று முதலில் முயல வேண்டும். அந்தக் கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது, அங்கே காலங்காலமாக வலை வீசுபவர்களிடம் எந்தெந்த மீன் குறைந்திருக்கிறது என்று கேட்டு, அதையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்