சாப்பாட்டுக் கூடத்தை இடிக்காதீர்கள்: நூற்றாண்டு விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் ஃபாதர் அவர்களுக்கும், நூற்றாண்டு விழாக் குழுவினருக்கும், முன்னாள் மாணவர் சங்கத்து அண்ணன்மார் தம்பிமாருக்கும் வணக்கம்.

நான் 1985-இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்து, 1992-இல் பிளஸ் டூ முடித்து வெளியே வந்தவன். ஏழு வருடமும் போர்டிங்தான். இப்போது மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தின் பெயரை இங்கே போடவில்லை. நம்பியாற்றுக்குத் தெற்கே இருக்கிறவர்களுக்குத் தானாகத் தெரிந்துவிடும். மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

போன வாரம் விழாக் குழுவின் நோட்டீஸ் வாட்ஸப்பில் வந்தது. மெயின் ரோட்டில் ஆர்ச், ஏசி கலையரங்கம், எல்லா வகுப்பிலும் ஸ்மார்ட் போர்டு, சுற்றிலும் கேமரா, புதிதாக ஒரு சுயநிதி ஆங்கில வழிக் கட்டடம். நல்லது. ஏசி அரங்கத்துக்கு இப்போதிருக்கும் லைன் தாங்காது, தனி டிரான்ஸ்பார்மர் கேட்பார்கள், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இது என் தொழில் புத்தி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னை உறங்க விடாதது கடைசி வரிக்கு முந்தின வரி: ‘பயன்பாடற்ற பழைய போர்டிங் சாப்பாட்டுக் கூடம் அகற்றப்பட்டு அவ்விடத்தில் கலையரங்கம் அமையும்.’

அந்தக் கூடத்தை நீங்கள் எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்தீர்கள் என்று தெரியவில்லை. கருங்கல் சுவர், மேலே ஓடு. நீளவாக்கில் எட்டு சிமென்ட் திண்ணை, அதன் மேல்தான் தட்டு வைப்போம், கீழே சம்மணம் போட்டு உட்காருவோம். மேற்குச் சுவரில் வரிசையாகக் குழாய். ஆளுக்கொரு அலுமினியத் தட்டு, விளிம்பில் ஆணியால் குத்திய நம்பர். என் நம்பர் 63. உட்காரும் இடமும் நம்பர்படிதான். ஊர்க்காரன், தெருக்காரன் என்று சேர்ந்து உட்கார வழி கிடையாது. பரிமாறுவதும் நம்பர்படி. ஒரு வாரத்துக்கு ஆறு பேர்.

எங்கள் வீட்டில் தை பிறந்ததும் அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய்விடுவார்கள். ஐப்பசியில் மழை விழுந்து பாத்தி கரைந்த பிறகுதான் திரும்புவார்கள். போர்டிங் இல்லையென்றால் நானும் ஏதாவது ஒரு பாத்தியில் உப்பு வாரிக்கொண்டுதான் இருந்திருப்பேன். நாங்கள் கிறிஸ்தவர்களும் இல்லை. ஆனாலும் ‘அருள் நிறைந்த மரியே’ இன்றைக்கும் தடங்கல் இல்லாமல் வரும். மறைக்கல்வி வகுப்புக்குக் கத்தோலிக்கப் பையன்கள் போகும்போது எங்களுக்கு நன்னெறி வகுப்பு. அந்த வகுப்பில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் ஒரு வரிகூட ஞாபகம் இல்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது ஞாபகம் இருக்கிறது. ஏழாம் வகுப்பில் முதல்முறை எனக்குக் குழம்பு முறை வந்தது. கரண்டியோடு வரிசையாக வருகிறேன். ஒரு பையன், என்னைவிட இரண்டு வகுப்பு பெரியவன், தட்டை உள்பக்கமாக இழுத்துக்கொண்டான். பேச்சில்லை. ஏன் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், அந்தத் திண்ணையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். மறுநாளும் அப்படியே. வெறுஞ்சோறும் மோரும் தின்றுவிட்டு எழுந்து போனான். வார்டன் ஃபாதர் இதைப் பார்த்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் அவர் வந்து அந்தப் பையனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தட்டை நீட்டினார். நான் ஊற்றினேன். பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். அறிவுரை, அதட்டல், கூப்பிட்டுப் பேசுவது எதுவுமே இல்லை. நாலாம் நாளும் வந்தார், ஐந்தாம் நாளும் வந்தார். சனிக்கிழமை ராத்திரி அந்த அண்ணன் தட்டை முன்னால் தள்ளி, “அடியில கிடக்க காயையும் சேத்து ஊத்துல” என்றார்.

அந்த அண்ணன் இப்போது உங்கள் குழுவில் இருக்கிறார். ஆர்ச்சுக்குப் பெரிய தொகை கொடுத்திருப்பதாக நோட்டீஸில் முதல் பெயராகப் போட்டிருக்கிறீர்கள். இதைப் படித்துவிட்டுக் கோபப்பட மாட்டார். போன வருடம் என் மகள் கல்யாணத்துக்கு முதல் பந்தியில் உட்கார்ந்தவர்.

எல்லாம் பொன்னாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஸ்காலர்ஷிப் பாரம் வந்தால் ஓர் ஆசிரியர் வகுப்பு நடுவில், “எஸ்.சி. பயலுவ எல்லாம் எந்திரி” என்பார். எழுந்து நிற்போம். என் பெரியப்பா மகன் ஞானஸ்நானம் வாங்கியவன். சான்றிதழில் அவன் பி.சி., ஸ்காலர்ஷிப் மட்டும் எங்களோடு. அவனும் எழுந்து நிற்பான். அறுபது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கூடத்தில் ஆறு மாதத்தில் அழிந்த சாதிக் கோட்டினை வகுப்பில் ஒரு நிமிஷத்தில் மறுபடி போட்டுவிடுவார் அந்த மனிதர். அவர் கெட்டவரும் இல்லை, அவருக்கு அது ஆபீஸ் வேலை. இன்றைக்கு மாணவர் விவரம் அத்தனையும் பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் இருக்கிறது. யாரையும் எழுப்பி நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. இப்போதும் அது நடக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.

அப்புறம் விழா மலர். வரலாற்றுக் கட்டுரையின் வரைவைச் சங்கக் குழுவில் போட்டிருந்தார்கள், படித்தேன். 1542-இல் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்ததில் தொடங்கி, அன்றீக்கு அடிகளார் 1578-இல் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’, வீரமாமுனிவர் இருந்த காமநாயக்கன்பட்டி, 1923-இல் பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரி, 1973-இல் பாளையங்கோட்டை மறைமாவட்டம் என்று அழகாகப் போகிறது. வடக்கன்குளத்தைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. தேவசகாயம் 1745-இல் அங்கே ஞானஸ்நானம் பெற்றதும், 2022 மே 15-இல் புனிதர் பட்டம் பெற்றதும் சொல்லியிருக்கிறீர்கள். அவர் சாதி பாராமல் எல்லோரோடும் பழகியதையும் ஒரு வரியில் தொட்டிருக்கிறீர்கள்.

அதே வடக்கன்குளத்துக் கோயிலின் சுவர் எங்கே போயிற்று?

தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கட்டிய கோயில் காற்சட்டையின் இரண்டு கால் மாதிரி இரண்டாகப் பிரிந்து போகும். பீடம் ஒன்று, ஆட்கள் இரண்டு பக்கம். சாதிக்கு ஒரு பக்கம், நடுவே சுவர். பூசை வைக்கிற சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும். இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கத்து ஆளைப் பார்க்க வேண்டியதில்லை. கட்டடக்கலையில் எவ்வளவு மூளை செலவழித்திருக்கிறார்கள் பாருங்கள்! 1910-இல் கௌசானல் அடிகளார் காலத்தில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. சுவர் வேண்டும் என்றவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். இந்தச் சீமையில் கத்தோலிக்கத் திருச்சபை பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய இடிப்பு அது. வெட்கப்பட வேண்டிய கட்டுமானமும் அதுதான். இரண்டையும் சேர்த்து ஒரு பக்கம் எழுதினால் மலருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. எழுத ஆள் இல்லையென்றால், வரலாறு எடுத்து ஓய்வுபெற்ற நம் சார் ஒருவர் இருக்கிறார், அவர் வாசலில் போய் நின்றால் போதும்.

பழைய கதை எதற்கு என்று கேட்பீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ராத்திரி வீட்டுக்குள் புகுந்து ஒரு பிளஸ் டூ மாணவனையும் தங்கையையும் வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அதன் பிறகுதான் பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்லும்படி அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கூடாது, சைக்கிளில் சாதி அடையாளம் கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அகர வரிசை என்று படித்ததும் எனக்கு 63 ஞாபகம் வந்தது. நம் போர்டிங்கில் அதைத்தானே ஃபாதர் நம்பர் போட்டுச் செய்துகொண்டிருந்தார்கள்!

என் தங்கை மகன் இப்போது அங்கே ஒன்பதாம் வகுப்பு. அவனிடம் கேட்டேன், மத்தியானம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று. “வேப்பமரத்துக்கிட்ட எங்க ஊரு பயலுவ கூட” என்றான். மற்றவர்கள்? மாதா கெபி பக்கம் ஓர் ஊர், சைக்கிள் ஸ்டாண்டில் ஓர் ஊர், மாடிப்படிக்குக் கீழே ஓர் ஊர். ஊர் என்று அவன் சொல்வது எதை என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காலையில் கேட்டில் பி.டி. மாஸ்டர் கத்தரிக்கோல் வைத்துக் கயிறு வெட்டுகிறாராம், நாலரை மணி பஸ்ஸில் எல்லார் கையிலும் புதுக் கயிறு இருக்கிறதாம். வெட்ட வெட்டக் கயிறு விற்கிற கடைக்குத்தான் யோகம். மேலே கேமரா வைத்தால் என்ன தெரியும்? யார் யாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது தெரியும். அது இப்போதே தெரிகிறது.

போர்டிங்கை மூடியபோது நிர்வாகம் சொன்ன காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. வெளிநாட்டு உதவி நின்றுவிட்டது, சமையலுக்கு ஆள் இல்லை, பையன்களும் குறைந்துவிட்டார்கள், அரசு விடுதி வந்துவிட்டது. சரி. ஆனால் அரசு விடுதி எப்படி வந்தது? ஆதிதிராவிடர் நலத்துறைக்கு ஒன்று, பிற்படுத்தப்பட்டோர் துறைக்கு ஒன்று என்று துறைவாரியாக வந்தது. 2025-இல் எல்லாவற்றுக்கும் ‘சமூகநீதி விடுதி’ என்று ஒரே பெயர் வைத்தார்கள். பெயர் ஒன்றானாலும் கட்டடமும் அடுப்பும் தனித்தனிதான். எல்லாத் தெருப் பையனுக்கும் ஒரே கொப்பரையில் சோறு வடித்த இடம் நம் வட்டாரத்தில் மிஷன் போர்டிங்தான்.

சுயநிதிக் கட்டடம் பற்றியும் ஒன்று. ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் அரசு உதவி பெறும் பள்ளிக்கு ஆசிரியர் பணியிடம் நிர்ணயம் செய்கிறார்கள். தமிழ் வழியில் இருக்கும் பிள்ளைகள் சுயநிதிப் பக்கம் நகர நகர, இந்தப் பக்கம் ஆசிரியர் உபரி ஆவார். உபரி ஆன பணியிடம் திரும்பி வருவது குதிரைக்கொம்பு. ஃபீஸ் கட்ட முடிந்தவன் அந்தக் கட்டடம், முடியாதவன் இந்தக் கட்டடம், நடுவே மதில் என்று ஆனால், வடக்கன்குளத்துக் கட்டடக்கலை மறுபடி வந்துவிடும். கட்டவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. மதில் வேண்டாம், சாப்பாட்டு இடமும் விளையாட்டு மைதானமும் ஒன்றாக இருக்கட்டும் என்று கேட்க முன்னாள் மாணவனுக்கு உரிமை இருக்கிறது.

கேட்பது இதுதான். அரங்கத்தைக் கிழக்கே பழைய பம்ப்செட் இருந்த காலி இடத்தில் கட்டுங்கள். கூடத்தை விட்டுவிடுங்கள். சுவர் இன்னும் நூறு வருடம் நிற்கும். மேலே கைமரத்தில் தென்மூலை மட்டும் கரையான் பிடித்திருக்கிறது, போன மாதம் ஏறிப் பார்த்தேன் (வாட்ச்மேனைத் திட்டாதீர்கள், நான்தான் வற்புறுத்தினேன்). ஓட்டைப் பிரித்து மாற்றினால் போதும். வயரிங், மோட்டார், குழாய் என் பொறுப்பு, கூலி வேண்டாம். சத்துணவை அங்கே கொண்டுவாருங்கள். பத்தாம் வகுப்பு வரை சாப்பிடுகிற பிள்ளைகள், வீட்டிலிருந்து டிபன் கொண்டுவருகிற பிள்ளைகள், முடிந்தால் ஆசிரியர்களும், எல்லோரும் நம்பர்படி உட்காரட்டும். சாயங்காலம் ஏழு மணி வரை ஸ்டடி வையுங்கள், சுண்டலுக்கு எங்கள் 1992 செட் பொறுப்பெடுக்கிறோம் என்று பதினொரு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். ஏழரை பஸ் கிடைக்காத ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டுமாவது பத்துக் கட்டில் போட முடியுமா என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பலகையில் ‘ஒழுக்கம், கல்வி, சமத்துவம்’ என்று பித்தளையில் எழுத்து வெட்டப் போவதாக நோட்டீஸில் இருக்கிறது. வெட்டுங்கள். மூன்றாவது வார்த்தைக்கு உள்ளே ஓர் இடம் விட்டுவையுங்கள்.

திங்கட்கிழமை ஜேசிபி வருவதாகக் கேள்விப்பட்டேன். வண்டிக்காரர் எனக்குத் தெரிந்தவர்தான். முன்பணம் கொடுத்துவிட்டோமே என்று யோசிக்க வேண்டாம். அந்தப் பணத்தை நான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆபீஸில் கட்டிவிடுகிறேன், ரசீது மட்டும் போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தட்டு நம்பர் 63