முகமே காட்டாத மாப்பிள்ளை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் பழைய ஆங்கிலக் காதல் படங்களைப் பற்றி வந்த கட்டுரையில் ஹாலிவுட் படங்கள் மட்டும்தான் இருந்தன. 1945இல் பிரிட்டனில் வெளியான 'ஐ நோ வேர் ஐ ஆம் கோயிங்' படத்துக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம். மைக்கேல் பவலும் எமெரிக் பிரஸ்பர்கரும் சேர்ந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது.

பெரிய தொழிலதிபர் ஒருவரை மணக்க ஸ்காட்லாந்தில் கிலோரன் தீவுக்குக் கிளம்புகிறாள் ஜோன் (வெண்டி ஹில்லர்). பக்கத்து மல் தீவு வரை வந்துவிடுகிறாள். கடல் கொந்தளிப்பில் அதற்கு மேல் படகு போகாது. அங்கே காத்துக் கிடக்கும்போது, விடுப்பில் வந்த கடற்படை அதிகாரி டார்குவிலோடு (ரோஜர் லிவ்ஸி) பழக்கமாகிறது. கிலோரனே அவனுடைய சொத்து, மாப்பிள்ளை குத்தகைக்கு இருப்பவர் என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது.

டிரங்க் கால் போட்டுக் கொடுக்கும் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கு இதில் மறக்க முடியாதவர் அந்த மாப்பிள்ளைதான். கடைசிவரை அவர் முகத்தைக் காட்டுவதே இல்லை. ரேடியோ டெலிபோனில் குரல் மட்டும் வருகிறது. கடுமையான குரலும் இல்லை. அவள் எங்கே தங்கலாம், யாரோடு பழகலாம் என்று அக்கறையாகத்தான் சொல்கிறார். ஆனாலும் கேட்கக் கேட்க அவர் எப்படிப்பட்டவர் என்று புரிந்துவிடுகிறது. லைனில் முகம் தெரியாது, ஆள் தெரிந்துவிடும். சாதாரணமாக இப்படிப்பட்ட கதையில் மாப்பிள்ளையை வில்லனாக்கித்தான் பெண்ணின் மனதை மாற்றுவார்கள். இங்கே அதற்கு அவசியமே வரவில்லை.

அப்புறம் அந்த டெலிபோன் பூத்! அருவியை ஒட்டியே வைத்திருக்கிறார்கள். தண்ணீர் இரைச்சலில் எதிர்முனையில் பேசுவது காதில் விழாது. மல் தீவில் கார்சேக் என்ற இடத்தில் இருக்கும் அந்த பூத்தைப் பார்க்க ரசிகர்கள் தேடிப் போகிறார்கள்.

ஊர்க்காரர்கள் ஏழைகள் போலிருக்கிறதே என்று ஜோன் கேட்கும்போது, ஏழைகள் இல்லை, கையில் பணம் இல்லை, அவ்வளவுதான் என்கிறான் டார்குவில். அந்த இடத்தில் லிவ்ஸியின் கரகரத்த குரலைக் கேட்க வேண்டும். லண்டனில் நாடகம் நடித்துக்கொண்டிருந்த அவர் படப்பிடிப்புக்காக ஸ்காட்லாந்து பக்கமே போகவில்லை. தூரத்துக் காட்சிகளில் வருவது டூப். படம் பார்க்கையில் அந்தச் சந்தேகமே எழாது.

அடுத்த இணைப்பில் இந்தப் படத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். திரைப்படச் சங்கங்கள் யாராவது தமிழ் சப்டைட்டில் போட்டுத் திரையிட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டெலிபோன் ஆபரேட்டர்,
நாகர்கோவில்.