மின்சார ரயிலில் எனக்காகப் பேசிய அம்மாவுக்கு

கடற்கரை–தாம்பரம் ரயிலில் கீரைக்கூடையோடு வந்த அம்மா, நன்றி.

யாருடைய பணப்பையோ காணவில்லை என்றதும் என் பையைத்தான் திறக்கச் சொன்னார்கள். "முகத்தைப் பார்த்தாலே வெளியூர் என்று தெரிகிறதே!" நான் வியாசர்பாடியில் பிறந்தவள். 1964-இல் பர்மாவில் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு கப்பலேறி வந்தவர் என் தாத்தா. பாட்டி பர்மியர், அவர் முகம்தான் எனக்கு. சரி, மணிப்பூர்க்காரியாகவே இருந்தால்தான் என்ன, பையைத் திறக்க வேண்டுமா?

"இவள் பை மட்டும் ஏன்? முதலில் என் கூடையைப் பாருங்கள்" என்று கவிழ்த்தீர்கள். முருங்கைக்கீரை, வெற்றிலைப் பொட்டலம், சில்லறை. ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு என்னிடம் ஊரைக் கேட்காமல் பெயரைக் கேட்டீர்கள். நான் உங்கள் பெயரைக் கேட்பதற்குள் கிண்டி வந்துவிட்டது.

அவரைத் தெரிந்தவர்கள் இதைப் படித்துக் காட்டுங்கள்.