கண்ணாடியில் தெரியும் கோடு

அன்புள்ள மகளுக்கு,

எலும்பில் துளையிட வேண்டிய இடத்தை அறுவை மருத்துவரின் கண்முன்னே ஒளிக்கோடாகக் காட்டும் ஏஆர் (மிகை மெய்ம்மை, அதாவது நேரில் காண்பதன் மேல் கணினிப் படத்தைச் சேர்த்துக் காட்டும்) கண்ணாடியைச் சோதிக்கும் குழுவில் நீ சேர்ந்திருப்பது எனக்குப் பெருமை. ஆயினும், சென்ற விடுமுறையில் அப்படியொரு கண்ணாடியை நீ என் தலையில் மாட்டிவிட்ட அன்று நடந்ததை நான் மறக்கவில்லை. 30 ஆண்டுகள் இரும்புத் தகட்டில் ஸ்கிரைபரால் கோடு கிழித்துப் பழகிய கை இது. ஒளிக்கோட்டின் மேலேயே முனையை இழுத்ததாக முழுமையாக நம்பினேன்; கழற்றிவிட்டு, நீ குறித்திருந்த புள்ளிகளிலிருந்து வெர்னியரால் அளந்தபோது 2 மில்லிமீட்டர் விலகியிருந்தது. விலகியதைவிட, விலகுவது இழுக்கும்போது சற்றும் தெரியாமற்போனதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

காரணத்தைப் பிறகு தேடிப் படித்தேன். இத்தகைய கண்ணாடிகள் பலவற்றில் படம் குவியும் தொலைவு மாறாதது. மைக்ரோசாஃப்டின் ஏஆர் கண்ணாடியான ஹோலோலென்ஸில் அது ஏறத்தாழ 2 மீட்டர். கைவேலையோ அரை மீட்டரில் நடக்கிறது. டயாப்டர் கணக்கில், அதாவது 1ஐ மீட்டர் தொலைவால் வகுத்தால், முன்னது 0.5, பின்னது 2, இடைவெளி 1.5. இவ்வளவு வேறுபட்ட இரண்டையும் கண்ணால் ஒரே நேரத்தில் கூர்மையாகக் காண இயலாது. எலும்பு தெளிந்தால் கோடு மங்கும், கோடு தெளிந்தால் எலும்பு மங்கும். பீசா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்விலும், பங்கேற்றவர்கள் புள்ளிகளை இணைக்கும் எளிய வேலையைக் கண்ணாடியின் துணையோடு செய்ததைவிட வெறுங்கண்ணால்தான் துல்லியமாகச் செய்தார்கள்.

இதனால் கண்ணாடியே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1990களின் தொடக்கத்தில் போயிங்கில் டாம் காடெலும் டேவிட் மிசெலும் இத்தகைய கண்ணாடி என்ற எண்ணத்தை முன்வைத்தது, விமானத்துக்கான வயர்க்கட்டுகளைப் பலகையில் அமைப்போருக்கு எந்த வயர் எந்த வழியாகச் செல்ல வேண்டும் என்று காட்டத்தான். எது, எங்கே, அடுத்து என்ன என்பதைச் சொல்வதில் இது நல்ல துணை. மில்லிமீட்டரை மட்டும் அதனிடம் ஒப்படைக்காதே. அதற்குத் துளை வழிகாட்டியோ வேறு அளவுகோலோ உடன் இருக்கட்டும்.

இன்னொன்றையும் உன் குழுவில் எடுத்துச் சொல். 45 வயதைத் தாண்டியோரின் கண்வில்லை இறுகியிருக்கும். கிட்டப் பார்க்க அணியும் கண்ணாடியோடு பார்த்தால் 2 மீட்டரில் நிற்கும் கோடு அவர்களுக்கு மங்கலாகும். அனுபவம் மிகுந்த அறுவை மருத்துவர்கள் பலர் அந்த வயதினரே. ஆகவே, உன் இளம் நண்பர்களை மட்டும் வைத்துச் சோதிக்காமல் மூத்தவர்களையும் அழைத்து, ஒவ்வொருவரும் "சரியாக வந்தது" என்று சொன்ன பிறகே அளந்து, சொன்னதையும் அளந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வை.

அடுத்த முறை வரும்போது அந்தக் கண்ணாடியைக் கொண்டுவா. தகட்டைத் தேய்த்துச் சாயம் பூசி வைத்திருக்கிறேன். கண்ணாடியோடு 20 கோடுகளும் வெறுங்கண்ணால் 20 கோடுகளும் கிழிக்கிறேன், நீ அளந்து எழுதிக்கொள்.

அன்புடன்,
அப்பா