ஈஸ்ட் ஹாம் சின்னம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சின்னம்மா,

போன கிழமை ஒரு இரவு ஷிஃப்ட் முழுக்க பொலிஸ் ஹெலிகொப்டர்காரருடன் இருந்தேன். முன்னமே சொல்லியிருந்தால் போக விட்டிருக்க மாட்டீர்கள். அதனால்தான் சொல்லவில்லை.

கட்டுரைக்காக அனுமதி கேட்டு மாதக்கணக்கில் காத்திருந்தேன். இங்கிலாந்து, வேல்ஸ் பொலிஸுக்கான பறக்கும் பிரிவுகளை 2012இல் ஒரே அமைப்பாக்கத் தொடங்கினார்கள். லண்டனுக்கு வருகிற ஹெலிகள் எசெக்ஸில் நோர்த் வீல்ட் என்ற பழைய விமானத் தளத்தில் நிற்கின்றன. 1940இல் ஜெர்மன் பொம்பர்களை மறிக்கச் சண்டை விமானங்கள் எழும்பிய இடம் அது. அந்தத் தளத்திலும் குண்டு விழுந்தது. அதைக் கேட்டதும் உங்கள் நினைவுதான் வந்தது.

ஒரு ஹெலிக்கு மூன்று பேர். விமானி பொலிஸ்காரர் இல்லை, ஓட்டுவது மட்டும்தான் அவர் வேலை. மற்ற இருவரும் பொலிஸ். ஒருவர் கமெராவைப் பார்க்கிறார், மற்றவர் வரைபடத்தையும் ரேடியோவையும். மூவரும் ஓயாமல் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எரிபொருள் எவ்வளவு என்று விமானி அடிக்கடி வாய்விட்டுச் சொல்வார். 2013 நவம்பர் 29 இரவு கிளாஸ்கோவில் ஒரு பொலிஸ் ஹெலி மதுக்கடைக் கூரையில் விழுந்து பத்துப் பேர் செத்தார்கள். பெரிய தாங்கியில் எரிபொருள் இருந்தும், அதை இறைக்கிற பம்புகள் நிறுத்தப்பட்டிருந்ததால் எஞ்சினுக்குப் போகவில்லை. அவர் சொல்லும் ஒவ்வொரு தடவையும் நானும் அந்த எண்ணைப் பார்த்தேன்.

விசிறி சுற்றத் தொடங்கியதும் என் தலை தானாகக் குனிந்துவிட்டது, சின்னம்மா. 1990இல் யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டை நடந்த நேரம், பனங்குற்றி அடுக்கிய பங்கருக்குள் என் தலையை உங்கள் மடியில் அமுக்கிப் பிடித்திருந்தீர்களே, அதே குனிவு. பக்கத்தில் இருந்தவர் சுகமில்லையா என்று கேட்டார். சின்ன வயதில் கேட்ட சத்தம் என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. என் பெல்ட்டை இன்னொரு தடவை இறுக்கிப் பார்த்துவிட்டு, எழும்பும்போது எப்படிக் குலுங்கும், எந்தப் பக்கம் சரியும் என்று ஒவ்வொன்றாக முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தார்.

முதல் அழைப்பு, முதியோர் இல்லத்திலிருந்து வெளியே போய்விட்ட ஒரு ஐயா. மறதி நோய். மேலே ஒரு பைஜாமாவும் மெல்லிய கவுணும்தான், வெளியே மூன்று பாகை. களவெடுத்தவனைத் துரத்துவதுதான் இவர்கள் வேலை என்று நான் நினைத்திருந்தேன். காணாமற்போனவர்களைத் தேடுவது எவ்வளவு பெரிய பங்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தக் கமெரா சூட்டைப் பார்க்கிறது. குளிர்ந்த வயல் கறுப்பு, சூடானது வெள்ளை. முதல் வெள்ளைப் பொட்டு நரி. அடுத்தது இரண்டு மான். நாற்பது நிமிடம் வயல் வயலாக, வேலி வேலியாகப் போனார்கள். யாருக்கும் அவசரம் இல்லை, ஒருவரும் கண்ணை எடுக்கவும் இல்லை. பிறகு ஒரு வாய்க்கால் கரையில், வேலிக்கடியில், பாதி மறைந்தபடி ஒரு வெள்ளை. அசைவில்லை. கீழே நடந்துவந்த பொலிஸ்காரிக்கு ரேடியோவில் சொன்னார்கள்: இன்னும் இருபது மீட்டர், இடப்பக்கம், குனிந்து பாருங்கள்.

அவள் ஓடிப்போய் முழங்காலில் நின்று தன் கோட்டைக் கழற்றினாள். கழற்றியதும் கோட்டின் உட்பக்கம் பளீரென்று வெள்ளையாகத் தெரிந்தது. அவள் உடம்புச் சூடு. அதை அப்படியே அவர்மேல் போட்டாள். வெள்ளை மறைந்து வெறும் சாம்பல் நிறம்தான் மிஞ்சியது. கொஞ்சத்தில் அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து அவள் கையைப் பிடித்தது. ஹெலிக்குள் ஒருவரும் கதைக்கவில்லை. அப்புறம் விமானி எரிபொருள் எண்ணைச் சொன்னார்.

அதன் பிறகு உங்கள் பக்கத்து ஊர் பார்க்கிங்கில் (Barking) களவு போன கார் ஒன்று. நாங்கள் போய்ச் சேர முதலே பிடித்துவிட்டார்கள்.

நீங்கள் எப்போதும் கேட்பதை அவர்களிடமும் கேட்டேன், வீட்டுக்குள் தெரியுமா என்று. தெரியாதாம். சுவருக்கும் கண்ணாடி ஜன்னலுக்கும் உள்ளே அந்தக் கமெரா பார்க்காது. லைட் எரிந்தாலும் அணைந்தாலும் அதற்கு ஒன்றுதான். சத்தம் கேட்டால் குசினி லைட்டை அணைத்துவிட்டுப் படிக்கட்டடியில் போய் நிற்கிறீர்களே, அதை இனிச் செய்யாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானே குனிந்தவள்தானே.

திரும்பும்போது ஈஸ்ட் ஹாமுக்கு மேலால் வந்தோம். மணி இரண்டு இருபது. ஒட்டி ஒட்டி நிற்கிற வீடுகளில் உங்கள் தெரு எது என்று தேடினேன். ஏதோ ஒரு வரிசையில் ஒரு ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது, பிறகு அணைந்தது. உங்களுடையதோ தெரியாது. கூப்பிட்டுச் சொல்ல வழியிருக்கவில்லை. மேலே போனது நான்தான், சின்னம்மா.

அன்புடன்,
உங்கள் பெறாமகள்