கார்ல் என்ற பெயரின் பொருள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் பிறநாட்டுப் பெயர்களைப் பற்றி வந்த பகுதியில், ‘கார்ல்’ என்ற ஜெர்மன் பெயருக்கு ‘மாவீரன்’ என்று பொருள் தரப்பட்டிருந்தது. குழந்தைப் பெயர்ப் பட்டியல்களிலும் இதுபோன்ற விளக்கங்களைப் பார்க்கிறேன். பல ஆண்டுகள் பள்ளியில் ஐரோப்பிய வரலாறு நடத்தியவள் என்ற முறையில் இதைத் திருத்த வேண்டும் என்று தோன்றியது.

பழைய ஜெர்மானிய மொழிகளில் கார்ல் என்றால் ஆண், ஆள். அதிலும் குறிப்பாக, அடிமையும் அல்லாத, பிரபுவும் அல்லாத சுதந்திரக் குடியானவன். வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழிப் பாடல் ஒன்று சமூகத்தின் மூன்று படிகளுக்கும் மூன்று மூதாதையரைச் சொல்கிறது. அடிமைகளுக்கு த்ரேல், பிரபுக்களுக்கு யார்ல், நடுவே கார்ல். வில்லும் ஈட்டியும் குதிரையும் யார்லுக்கு உரியவை. கார்ல் வளர்ந்ததும் எருதுகளைப் பழக்குகிறான், கலப்பை செய்கிறான், வீடும் களஞ்சியமும் கட்டுகிறான், ஏர் ஓட்டுகிறான். இவனைப் போய் மாவீரன் என்றால் எப்படி?

பழைய ஜெர்மன் பெயர்களில் பெரும்பாலானவை இரண்டு சொற்கள் சேர்ந்தவை. ஃப்ரீட்ரிஷ் என்பதில் அமைதியும் ஆட்சியும், வில்ஹெல்ம் என்பதில் மன உறுதியும் தலைக்கவசமும், கெர்ட்ரூட் என்ற பெண்பெயரில் ஈட்டியும் வலிமையும் இருக்கின்றன. போர்க்களத்தின் வாடை வீசும் பெயர்கள்தான் அதிகம். கார்ல் ஒற்றைச் சொல். வெறுமனே ‘ஆள்’.

அந்தப் பெயரை அரியணைக்குக் கொண்டுபோனது ஃபிராங்க் இனத்து அரச குடும்பம். 732இல் பிரான்சின் துர், புவாத்தியே நகரங்களுக்கு இடையே நடந்த போரில் வென்ற கார்ல் மார்ட்டெல் அந்தக் குடும்பத்தவர். ஆங்கில வழியில் நாம் சார்லமேன் என்று படித்த பேரரசர், அவருடைய பேரன். ஜெர்மானியர்களுக்கு அவர் ‘கார்ல் டெர் குரோஸ’, அதாவது மாமன்னர் கார்ல். 800ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ரோமில் போப்பாண்டவர் மூன்றாம் லியோ அவருக்குப் பேரரசராக முடிசூட்டினார். அவருடைய கையொப்பத்தைப் பார்த்தால் எனக்கு இன்றும் வியப்புதான். கரோலுஸ் என்ற லத்தீன் வடிவத்தின் மெய்யெழுத்துகள் ஒரு சிலுவையின் நான்கு முனைகளிலும், உயிரெழுத்துகள் நடுவிலுள்ள சாய்சதுரத்திலும் அமைந்திருக்கும். முழுவதையும் எழுத்தர் வரைந்து வைப்பார். மன்னர் நடுவில் ஒரு சிறு கோடு மட்டும் இழுப்பார். எழுதிப் பழகத் தலையணைக்கு அடியில் பலகைகளை வைத்திருந்தும் எழுத்து அவருக்குச் சரியாகக் கைவரவில்லை என்று அவருடைய வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட் குறிப்பிடுகிறார்.

கிழக்கே இருந்த ஸ்லாவிய மக்களுக்கும், அவர்கள் வழியாக ஹங்கேரியர்களுக்கும் அந்தப் பெயரே ‘அரசன்’ என்ற சொல்லாகிவிட்டது. செக் மொழியில் க்ரால், போலிஷில் க்ரூல், ரஷ்யனில் கரோல், ஹங்கேரியனில் கிராய் எல்லாம் கார்லின் வழி வந்தவை. சீசர் என்ற பெயர் பேரரசரைக் குறிக்கும் சொல்லாக ஜெர்மனில் கைசராகவும் ரஷ்யனில் ஜாராகவும் ஆன கதையும் இதே வகைதான். ஆனால் சீசர் பிறந்ததே பெருங்குடியில். ஏர் ஓட்டியவனின் பெயர் அரசனைக் குறிக்கும் சொல்லானது எனக்குப் பெரிய செய்தி.

அதே வேர் இன்னொரு பக்கம் கீழேயும் இறங்கியது. சுதந்திர விவசாயியைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல், காலப்போக்கில் ‘சர்ல்’ என்றாகி, பண்பில்லாத முரடனைக் குறிக்கத் தொடங்கியது. மேட்டுக்குடியினர் உழவனைப் பார்த்த பார்வை அதில் அப்படியே பதிந்திருக்கிறது. ஜெர்மனில் ‘கெர்ல்’ என்று இன்றும் பேச்சில் புழங்குகிறது. அங்கே அதற்கு ‘ஆள்’ என்ற பொருள் மாறவில்லை.

கார்ல்ஸ்ரூ நகரம் 1715இல் அதை நிறுவிய பாடன் சிற்றரசர் கார்ல் வில்ஹெல்மின் பெயர் கொண்டது. 1886இல் மோட்டார் காருக்குக் காப்புரிமை பெற்ற பென்ஸும் ஒரு கார்ல். கார்ல் மார்க்ஸின் பெயரை நம் ஊரிலும் பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறார்கள். 1856இல் லைப்சிக்கில் திருக்குறளை ஜெர்மனில் வெளியிட்ட கார்ல் கிரவுலுக்கும் அதே பெயர்தான்.

பெயருக்குப் பொருள் தேடுகிற பெற்றோர் தங்கள் இதழை நம்பிப் படிக்கிறார்கள். அடுத்த இணைப்பில் ‘மாவீரன்’ என்பதை எடுத்துவிட்டு ‘சுதந்திர மனிதன்’ என்று திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
தஞ்சாவூர்.