நீல் சிலை சத்தியாகிரக நூற்றாண்டு: அண்ணா சாலையில் நினைவுக் கல்வெட்டு அமைக்கக் கோரி மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
சென்னை.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
தமிழ் வளர்ச்சி மற்றும் செய்தித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை - 9.

பொருள்: அண்ணா சாலையில் கல்வெட்டும், எழும்பூர் அருங்காட்சியகத்தில் விரிவான விளக்கப் பலகையும் வைத்துத் தர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 1927-இல் சென்னையில் நடந்த நீல் சிலை சத்தியாகிரகத்துக்கு 2027-இல் நூறு ஆண்டு நிறைகிறது. அதையொட்டி இந்த மனுவை அளிக்கிறேன்.

ஜேம்ஸ் நீல், மதராஸ் ஃபியூசிலியர்ஸ் என்ற ஆங்கிலேயப் படையின் தளபதி. 1857 கிளர்ச்சியை அடக்க இங்கிருந்து வடக்கே போனவர். அலகாபாத்திலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் விசாரணை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லாமலே மக்கள் தூக்கில் தொங்கவிடப்பட்டார்கள். கான்பூரில் பீபிகர் என்ற வீட்டில் ஆங்கிலப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்கினார் என்று அவருக்காக வாதாடுபவர்கள் உண்டு. பீபிகர் படுகொலை கொடூரமானது, அதில் ஐயமில்லை. ஆனால் அது நடந்தது ஜூலை 15. அலகாபாத் தூக்குகள் ஜூன் மாதமே தொடங்கிவிட்டன. பிறகு கான்பூர் வந்த நீல், பிடிபட்டவர்களைக் கொண்டு பீபிகர் தரையில் உறைந்த ரத்தத்தைத் துடைக்க வைத்து, மறுத்தவர்களைச் சாட்டையால் அடித்து, அதன் பிறகே தூக்கிலிட ஆணையிட்டார். அந்த செப்டம்பரில் லக்னோவில் மாண்டார். அவருக்குத்தான் இன்று அண்ணா சாலை எனப்படும் மவுண்ட் ரோட்டில், ஸ்பென்சர் பக்கம், வெண்கலச் சிலை வைத்தார்கள்.

1927-இல் அந்தச் சிலையைத் தொண்டர்கள் சுத்தியலும் கோடரியும் கொண்டு தாக்கிச் சிறை போனார்கள். திருநெல்வேலி சோமயாஜுலு முன்னின்று நடத்தினார். கடலூர் அஞ்சலையம்மாள், சிறுமியான தம் மகள் அம்மாக்கண்ணுவோடு கைதானார். அந்தக் குழந்தையைத்தான் காந்தியடிகள் பின்னாளில் லீலாவதி என்று பெயரிட்டு வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்றார். பத்தாண்டு கழித்து, 1937-இல், ராஜாஜி அரசு சிலையை அகற்றி எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது.

சரி, சிலைதான் எடுத்தாயிற்றே, இன்னும் என்ன மனு என்று தாங்கள் கேட்கலாம். எடுத்த கதை சாலையில் எழுதப்படவில்லை என்பதே என் குறை. அமெரிக்காவில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதி பிராக்கின் பெயரிலிருந்த ராணுவ முகாமை 2023-இல் லிபர்ட்டி என்று மாற்றினார்கள். 2025-இல் அதே பிராக் என்ற பெயர் திரும்பி வந்துவிட்டது. இரண்டாம் உலகப்போரில் சண்டையிட்ட வேறொரு பிராக்கின் நினைவாகவாம்! ஏன் மாற்றினோம் என்பது மக்கள் மனதில் பதியாத இடத்தில் பெயர்ப் பலகை இப்படித்தான் ஆட்சிக்கு ஆட்சி ஆடும். நம் சென்னை அப்படி ஆடவில்லை. மறியல், சிறை, பிறகு மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் முடிவு என்று முறையாக நடந்த காரியம் இது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டியதை நாமே சொல்லாமல் விட்டிருக்கிறோம்.

சிலையை உருக்கவோ கண்ணில் படாமல் பூட்டி வைக்கவோ நான் கேட்கவில்லை. அது அருங்காட்சியகத்திலேயே இருக்கட்டும். அதன் பக்கத்தில், நீல் செய்ததையும் சிலை அங்கு வந்த வழியையும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரியும் தமிழில் சொல்லும் பலகை ஒன்று வேண்டும். போர்வீரர், பிறப்பு, இறப்பு என்ற அளவில் நின்றுவிடக் கூடாது. பீபிகரையும் மறைக்காமல் எழுத வேண்டும். அண்ணா சாலையில் சிலை நின்ற இடத்தருகே, நடைபாதையை அடைக்காத சிறு கல்வெட்டு போதும். மணிமண்டபம் எல்லாம் வேண்டாம். சிறை சென்றவர்களின் பெயர்களை ஆவணக் காப்பகப் பதிவுகளில் சரிபார்த்து அதில் பொறிக்க வேண்டுகிறேன். கிடைக்கும் பெயர்கள் எத்தனையானாலும் சரி, தலைவர்கள் பெயரோடு நிறுத்திவிட வேண்டாம்.

பதிவுகளைத் தேடவே மாதக்கணக்கில் ஆகும் என்பதால், 2027-க்குள் பணி முடிய ஏதுவாக இப்போதே ஓர் அலுவலரை நியமித்து ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

நகல்: அருங்காட்சியகங்கள் துறை, எழும்பூர், பெருநகர சென்னை மாநகராட்சி.